ஏழாம் அத்தியாயம்: ஒளி ஊடுருவும் கிட்டார் (டான் ஆம்ஸ்ட்ராங் பிளெக்ஸி வாங்குவோருக்கு)

இந்தக் கிட்டாரை முதன்முறை பார்க்கிறவர்கள் கண்ணாடி என்று நினைத்துக் கையில் வாங்கவே தயங்குவார்கள். கண்ணாடி இல்லை, கனத்த அக்ரிலிக். நெக் மரம், கம்பி எஃகு. நடுவே இருக்கும் உடல் மட்டும் தண்ணீரை வெட்டி எடுத்துப் பலகை செய்ததுபோல் மறுபக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். வாசிப்பவரின் சட்டைப் பொத்தான்கூட அதன் வழியே தெரியும்.

உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிவதால், இதில் யாரும் எதையும் ஒளிக்க முடியாது என்ற நம்பிக்கை வாங்குபவருக்கு வந்துவிடுகிறது. மரக் கிட்டாரில் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்று பத்து முறை சந்தேகப்படுகிறவர், இதை இரண்டு நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். ஆனால் இந்தக் கிட்டாரின் மதிப்பைத் தீர்மானிக்கும் மூன்று விஷயங்களும் கண்ணுக்கு எளிதில் தெரியாதவை: அக்ரிலிக்குக்குள் தேங்கியிருக்கும் இறுக்கம், எபாக்சியில் மூடிக் கிடக்கும் பிக்கப்பின் சுருள், பிறகு எந்த உதிரி எப்போது மாற்றப்பட்டது என்ற வரலாறு. அவற்றை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்லப் போகிறது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1960களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களில் ஒரு வகைக்கும் 'பிளெக்ஸி' என்றே செல்லப்பெயர். விற்பனை விளம்பரத்தில் அந்தச் சொல்லை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நாம் பேசுவது 1969 முதல் 1971 வரை ஆம்பெக் நிறுவனம் அமெரிக்காவில் செய்த டான் ஆம்ஸ்ட்ராங் கிட்டார்.

பிறந்த கதை

டான் ஆம்ஸ்ட்ராங் நியூயார்க்கில் ஒலிப்பதிவுகளுக்கு வாசித்தவர், அங்கேயே கிட்டார் பழுதுபார்க்கும் கடையும் வைத்திருந்தவர். இசைக்கருவிக் கடைகளுக்குப் பேர்போன 48ஆம் தெருவில் தொடங்கிய கடை பிறகு கிரெனிச் வில்லேஜ் பகுதிக்கு மாறியது. நாள்தோறும் பிறருடைய கிட்டாரைப் பிரித்துக் கோத்துக் கொண்டிருந்த மனிதர் என்பதால், எந்தக் கருவியில் எது தொல்லை என்பது அவருக்கு அத்துபடி. ஆம்பெக் அப்போது பேஸ் ஆம்ப்ளிஃபயருக்குப் பெயர் வாங்கியிருந்த நிறுவனம், நியூ ஜெர்சியின் லிண்டன் நகரில் இயங்கியது. ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து விற்க நல்ல கிட்டார் ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. ஆம்ஸ்ட்ராங்கை அமர்த்திக்கொண்டது.

அவர் செய்த முதல் வேலை நெக்கில். 24 ஃப்ரெட், அதாவது முழுதாக இரண்டு ஸ்தாயி, அத்தனையும் உடலைத் தாண்டி வெளியே நிற்கும்படி வைத்தார். அந்தக் காலத்து ஃபெண்டரில் 21, கிப்ஸனில் 22 என்பதுதான் வழக்கம். கடைசி ஃப்ரெட்டைத் தொட விரல் எதிலும் இடிக்காது என்பது இன்று வாசித்துப் பார்த்தாலும் வியப்பான அனுபவம்.

அக்ரிலிக்கைத் தேர்ந்தது வெறும் கவர்ச்சிக்காக மட்டும் இல்லை. கனமும் இறுக்கமும் உள்ள பொருளில் கம்பியின் அதிர்வு சீக்கிரம் கரையாது என்பது அவருடைய கணக்கு. அக்ரிலிக்கின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.19 கிராம், கிட்டாருக்குப் பயன்படும் மஹோகனியைப் போல இரண்டு மடங்கு. அதனால் உடலைச் சிறிதாக வெட்டியும் எடை நாலு கிலோவைத் தாண்டிவிடுகிறது. நின்று வாசிப்பவர் அகலமான பட்டை இல்லாமல் இதைத் தோளில் மாட்ட வேண்டாம். ஒலி நீண்டு நிற்பது உண்மைதான், ஆனால் அதில் பாதிப் பெருமையை நெக்கின் இணைப்புக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இணைப்புத் திருகு தளர்ந்த பிளெக்ஸியை வாசித்துப் பாருங்கள், அந்த நீளம் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள்.

1969 இறுதியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்காவைச் சுற்றி வந்தபோது கீத் ரிச்சர்ட்ஸ் இந்தக் கிட்டாரையும், பில் வைமன் இதன் பேஸ் வடிவத்தையும் மேடையேற்றினார்கள். ஆம்பெக்கின் எஸ்.வி.டி. ஆம்ப்ளிஃபயர் பெயர் பெற்றதும் அதே பயணத்தில்தான். 1970இல் வந்த 'கிம்மி ஷெல்டர்' ஆவணப்படம் அந்தப் பயணத்தைப் பதிவுசெய்தது. மேடை விளக்கு அக்ரிலிக்கில் பட்டுச் சிதறுவது எப்படி இருக்கும் என்று அறிய அந்தப் படத்தைப் பாருங்கள். பின்னாளில் பிளாக் ஃப்ளாக் குழுவின் கிரெக் கின் இதே கிட்டாரைத் தன் அடையாளமாக்கிக்கொண்டார். இவ்வளவு புகழ் இருந்தும் 1971இல் தயாரிப்பு நின்றது. ஆம்ஸ்ட்ராங் லண்டனுக்குப் போய்விட்டார். கிட்டார் சந்தையில் இருந்தது சுமார் இரண்டே ஆண்டு. இன்றைய விலைக்கு முதல் காரணம் அதுவே.

ஒரே ஒரு பிக்கப், ஆனால் ஆறு

சாதாரண மின்கிட்டாரில் இரண்டு மூன்று பிக்கப் பதித்திருப்பார்கள், சுவிட்சைத் தட்டி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். பிளெக்ஸியில் இருப்பது ஒரே பள்ளம். அதில் ஒரு பிக்கப்பைச் செருகிக் கைத்திருகால் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. வேறு ஒலி வேண்டுமா, திருகைத் தளர்த்தி அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். கம்பியைக் கழற்ற வேண்டாம், பற்றவைக்க வேண்டாம்.

இந்தப் பிக்கப்புகளை உருவாக்கியவர் ஜெர்மனியிலிருந்து வந்த பில் லாரன்ஸ். பின்னாளில் பிக்கப் உலகத்தில் பெரிய பெயர். ராக், கன்ட்ரி, ஜாஸ் என்று மூன்று வகை, ஒவ்வொன்றிலும் ட்ரெபிள், பேஸ் என்று இரண்டு, ஆக ஆறு. ஆறும் ஒருசேரக் கிடைப்பது அபூர்வம். சந்தைக்கு வரும் கிட்டார்களில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். இந்த ஏற்பாட்டின் அழகே இதன் பலவீனமும் ஆனது. கையால் உருவ முடிகிற பொருள் ஐம்பது ஆண்டில் கைமாறித் தொலைந்துபோகாமல் இருக்குமா? பிக்கப் இல்லாமல் வெறும் பள்ளத்தோடு விற்பனைக்கு வரும் பிளெக்ஸிகள் உண்டு. 'ஏதாவது ஒரு பிக்கப்பைப் போட்டுக்கொள்ளலாம்' என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பள்ளத்துக்கென்று செய்தது மட்டுமே இதில் உட்காரும், தனியே தேடினால் ஒரு அசல் பிக்கப்பின் விலை உங்களைத் திகைக்க வைக்கும்.

பரிசோதிக்கும்போது மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். சுருளும் காந்தமும் எபாக்சிக்குள் வார்க்கப்பட்டிருப்பதால் உள்ளே கம்பி அறுந்திருந்தால் பிரித்துச் சுற்றித் தர எவராலும் முடியாது. மற்ற பழைய பிக்கப்புகளுக்கு இருக்கும் மறுபிறவி இதற்கு இல்லை. பிக்கப்பை வெளியே எடுத்து, அதன் தொடுமுனைகளில் மீட்டரை வைத்து ஓம் அளவைப் பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும் சரி, அது அசையாமல் நிற்க வேண்டும். பிக்கப்பை லேசாக விரலால் தட்டும்போது எண் தாவினாலோ, மீட்டர் எதுவுமே காட்டாவிட்டாலோ சுருள் போய்விட்டது. பிறகு கிட்டாரில் செருகி ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஸ்க்ரூடிரைவரின் இரும்பு முனையால் பிக்கப்பின் மேல் மெல்லத் தொடுங்கள். 'டக்' என்று தெளிவாகக் கேட்க வேண்டும். கரகரவென்று விட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் தொடுமுனையில் களிம்பு ஏறியிருக்கும், சுத்தம் செய்தால் சரியாகிவிடும். அதற்காக விலையைக் குறைத்துக் கேட்பது உங்கள் சாமர்த்தியம். சுருள் அறுந்ததாகத் தெரிந்தால் பிக்கப்பே இல்லாத கிட்டாருக்கு என்ன கொடுப்பீர்களோ அதற்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

உடலைப் பார்ப்பது

கீறல்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஐம்பது வயதான அக்ரிலிக்கில் பெல்ட் பக்கிள் உரசிய தடம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். சற்றே மஞ்சள் ஏறியிருப்பதும் வயதின் அடையாளமே, குறை அன்று. கறுப்பு அக்ரிலிக்கிலும் சில கிட்டார்கள் வந்திருக்கின்றன. அவை அரியவை, ஆகவே இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டியவை.

பார்க்க வேண்டியது வெடிப்பை. நெக்கைப் பிடிக்கும் திருகுகளின் துளை, பட்டை மாட்டும் பொத்தானின் துளை, கேபிள் செருகும் ஜாக் இருக்கும் இடம் ஆகியவற்றில் வெடிப்பு தொடங்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து, உடலின் விளிம்பு வழியாக உள்ளே அடியுங்கள். அக்ரிலிக் ஒளியை உள்ளுக்குள்ளேயே கடத்திச் செல்லும். வெடிப்பு இருக்கும் இடத்தில் ஒளி தட்டுப்பட்டு வெள்ளிக் கோடாகப் பளிச்சிடும். நேராகப் பார்த்தால் தெரியாத மயிரிழைகூட இப்படிப் பார்த்தால் தப்பாது.

இன்னொரு சோதனை இன்னும் நுட்பமானது. லேப்டாப்பில் வெறும் வெள்ளைத் திரையை வைத்துவிட்டு அதன் முன்னால் கிட்டாரைப் பிடியுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு, திரை இருண்டு தெரியும் கோணத்துக்குத் தலையைச் சாய்த்துப் பாருங்கள். பொருளுக்குள் இறுக்கம் தேங்கியிருக்கும் இடங்கள் மங்கலான ஒளிப்பட்டைகளாகத் தெரியக்கூடும். அக்ரிலிக்கில் இந்தத் தடம் மெலிதாகவே தெரியும், பொறுமை வேண்டும். ஒரு துளையைச் சுற்றி மட்டும் பட்டைகள் நெருங்கி நின்றால் அங்கே திருகு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் அது வெடிக்கலாம்.

ஏன் துளைகளில் வெடிக்கிறது? வெப்பத்தில் அக்ரிலிக் மரத்தைவிடப் பல மடங்கு விரியும். 35 சென்டிமீட்டர் நீளத் துண்டு 30 டிகிரி சூடேறினால் சுமார் 0.7 மில்லிமீட்டர் நீள்கிறது. அதே நீள மரம் நார்வாக்கில் அதில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. ஓர் இடத்தில் திருகு இறுகப் பிடித்திருக்க, சுற்றியுள்ள பொருள் நகரப் பார்க்கிறது. இந்த இழுபறி ஐம்பது ஆண்டு நடந்திருக்கிறது. அதனால்தான் நெக் திருகைத் தொடும் எவருக்கும் நான் சொல்வது: ஸ்க்ரூடிரைவர் கையில் கனக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், கடைசிக் கால் சுற்று வேண்டாம்.

வெடிப்பு ஏற்கெனவே இருந்தால் ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை ஊற்றாதீர்கள். அதன் ஆவி சுற்றிலும் வெள்ளையாகப் படிந்து, சிறிய கோட்டைப் பெரிய மூட்டமாக்கிவிடும். அக்ரிலிக் ஒட்டும் வேலையில் கை தேர்ந்தவரிடம் மட்டும் கொடுங்கள், அதையும் முதலில் வேறொரு துண்டில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எது அசல், எது பின்னால் வந்தது

இந்தக் கிட்டார் வந்த சூட்டிலேயே ஜப்பானில் நகல்கள் வந்தன. 1970களில் எலெக்ட்ரா, ஐபனெஸ் போன்ற பெயர்களில் வந்தவை இன்றும் சந்தையில் இருக்கின்றன. அவற்றைப் போலி என்று ஒதுக்க மாட்டேன். ஐபனெஸ் 2364 நகல்களில் வரலாற்று ஆர்வலர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. பெயர்ப்பலகையை மாற்றி அசலின் விலைக்கு விற்கும்போதுதான் தகராறு. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றை வாங்கி மூன்று ஆண்டு அசல் என்றே போற்றி வைத்திருந்தார். பிக்கார்டைக் கழற்றி உள்ளே ஒருமுறைகூட அவர் பார்க்கவில்லை.

அதனால் கழற்றிப் பாருங்கள், அல்லது விற்பவரைக் கழற்றிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். அசலின் பிக்கார்டு மரநார் போலத் தோன்றும் ஃபார்மைக்கா. அதன் அடியில், குமிழ்கள் திருகும் பொட்டென்ஷியோமீட்டர்களின் மேல் அச்சிட்ட எண் இருக்கும். அமெரிக்கப் பொட்டென்ஷியோமீட்டர்களில் அந்த எண்ணின் முதல் மூன்று இலக்கம் தயாரித்தவரைச் சொல்லும், 137 என்றால் சி.டி.எஸ். நிறுவனம். அடுத்து வரும் இலக்கங்கள் ஆண்டையும், கடைசி இரண்டு வாரத்தையும் சொல்லும். 1377012 என்றிருந்தால் 1970ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். எண் 1971க்குப் பிந்தியது என்றால் பொட்டென்ஷியோமீட்டர் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது கிட்டாரே வேறு. பற்றவைத்த ஈயத்தையும் பாருங்கள். பழையது மங்கிச் சாம்பல் பூத்திருக்கும், பளபளக்கும் ஈயம் அண்மையில் கைபட்ட இடம்.

1990களின் கடைசியில் ஆம்பெக் பெயரிலேயே மறுபதிப்பும் வந்தது. அதற்கான பிக்கப்புகளைச் செய்தவர் டான் ஆம்ஸ்ட்ராங்கின் மகன் கென்ட் ஆம்ஸ்ட்ராங். வாசிப்பதற்கென்றே ஒரு பிளெக்ஸி வேண்டும், சேகரிப்பு முக்கியமில்லை என்பவருக்கு நான் மறுபதிப்பையே பரிந்துரைக்கிறேன்.

அசலின் பிரிட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பிகள் உட்காரும் இடத்தில் ஒரே துண்டு ரோஸ்வுட்தான், ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியே நீளம் சரிசெய்ய வழியில்லை. அதனால் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே போகப் போகச் சுருதி சற்று நழுவும். பல வாசிப்பாளர்கள் அதைத் தூக்கிவிட்டு உலோக பிரிட்ஜ் போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மேடையில் நிற்கிறவனுக்குச் சுருதி முக்கியம். ஆனால் வாங்கும்போது பழைய பிரிட்ஜ் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். புதிய பிரிட்ஜுக்காக அக்ரிலிக்கில் புதுத் துளை போட்டிருந்தால் அந்தக் கிட்டாரைச் சேகரிப்புக்காக வாங்காதீர்கள். மரத்தில் துளையை அடைத்து மறைக்கலாம், இதில் அடைத்தது என்றென்றும் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் ரோஸ்வுட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். விரல்பலகையும் ரோஸ்வுட்தான். நம் ஊரில் ஈட்டி, தோதகத்தி என்று சொல்லும் மரமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 2017இல் அந்த இனம் முழுவதையும் தன் பட்டியலில் சேர்த்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது, 1992 முதலே அது கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. எந்த ரோஸ்வுட் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். சுங்கத்தில் கருவி மாட்டிக்கொண்ட பிறகு எழுதி வாங்குவதில் பயனில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

விமானத்தின் சரக்கறைக் குளிரில் வந்த பெட்டியை ஒருநாள் முழுக்கத் திறக்காமல் அறையில் வையுங்கள். விரிவதும் சுருங்குவதும் மெதுவாக நடக்கட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பதை மறந்துவிடுங்கள். அக்ரிலிக் முழுதாக இளக 100 டிகிரி வேண்டும் என்றாலும், கம்பியின் இழுவை இருக்கும்போது அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மெல்ல வளையத் தொடங்கும்.

துடைப்பதில்தான் பெரும்பாலான பிளெக்ஸிகள் பாழாகின்றன. ஜன்னல் துடைக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. அதுவும் ஸ்பிரிட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாமே அக்ரிலிக்குக்கு நஞ்சு. துடைத்த அன்று பளபளக்கும், பிறகு மேற்பரப்பு முழுக்கச் சிலந்தி வலைபோல நுண்வெடிப்பு படரும். அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவு போதும். துணியை முதலில் நனையுங்கள். உலர்ந்த துணியால் தூசியைத் தேய்த்தால் தூசியே உப்புத்தாளாகிவிடும். நெக்கை மட்டும் தனியே உலர்ந்த துணியால் துடையுங்கள், மரத்துக்கு அந்த ஈரம் வேண்டாம்.

பெட்டிக்குள் கேபிளையோ வினைல் பட்டையையோ உடலின் மேல் கிடத்தி மூடாதீர்கள். மென்மையான பி.வி.சி.யில் கலந்திருக்கும் இளக்குபொருள் கசிந்து அக்ரிலிக்கைத் தின்னும், பட்டையின் வடிவத்திலேயே தழும்பு விழும். ஸ்டாண்டின் ரப்பர் படும் இடத்திலும் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்று உடலை ஒன்றும் செய்யாது, நெக்கையும் தொடுமுனைகளையும்தான் பிடிக்கும். மாதம் ஒருமுறை பிக்கப்பை உருவித் தொடுமுனையைத் துடைத்துச் செருகினால் அந்தக் கரகரப்பு வரவே வராது. வாசிக்கிறவர் கையில் இருக்கும் கிட்டாருக்கு இது தானாகவே நடந்துவிடுகிறது. அலமாரியில் அடைத்து வைத்த பிளெக்ஸியைவிட வாரம் இருமுறை வாசிக்கப்படும் பிளெக்ஸியே நல்ல நிலையில் இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் நீங்களும் இதை விற்க நேரலாம். அப்போது பிக்கப்புகளைத் தனித்தனியே விற்றால் அதிகப் பணம் வரும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். கணக்கில் அது உண்மையாகவும் இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிட்டாரோடு வந்த பிக்கப்புகளையும், கழற்றி வைத்த பழைய பிரிட்ஜையும், உங்களிடம் உள்ள ரசீதுகளையும் ஒரே பெட்டியில் வைத்து ஒருவரிடமே கொடுங்கள்.